எதையும் தாங்காத தூண்

மறுமலர்ச்சிக் காலத் தேவாலயங்கள் பற்றிய புத்தகங்களின் பின்பக்கத்தில் பெரும்பாலும் ஒரு கலைச்சொல் பட்டியல் இருக்கும். பரீட்சைக்குப் படிக்கிற பையன் மாதிரிதான் அதைப் பல வருடம் வாசித்தேன். பிலாஸ்டர்: சுவரோடு ஒட்டிய தட்டையான தூண். சரி, அடுத்தது. ஃபிளாரன்ஸில் இருக்கும் சான் லொரென்சோ தேவாலயத்தின் பழைய சாக்ரிஸ்டியை, படங்களில்தான், நிதானமாகப் பார்த்த பிறகு அந்த ஒரு வரி போதவில்லை.

சாக்ரிஸ்டி என்பது திருப்பலிக்கான உடைகளும் பாத்திரங்களும் வைக்கும் அறை. 1420களில் மெதிச்சி குடும்பத்துக்காக புருனெல்லெஸ்கி இதைக் கட்டினார். வெள்ளைப் பூச்சு, அதன்மேல் பியெத்ரா செரேனா என்ற சாம்பல் நிற மணற்கல்லில் கோடு கோடாக வேலை. அறை சதுரம், மேலே குவிமாடம் வட்டம். இரண்டையும் இணைப்பவை நான்கு மூலைகளிலும் உள்ள வளைந்த முக்கோணங்கள். அவைதான் பெண்டென்டிவ். நிஜமாகவே உழைக்கிற உறுப்பு அது, குவிமாடத்தின் பாரத்தைக் கீழே இறக்குகிறது. பிலாஸ்டர் அப்படி இல்லை. பெயர்த்து எடுத்தாலும் சுவர் நிற்கும். தமிழில் அரைத்தூண் என்கிறோம். பாதிதான் தூண் என்று ஒப்புக்கொள்வதால் நம் சொல் இன்னும் நேர்மையானது.

அப்ப எதுக்கு அது? தூண் தாங்குவதுபோல ஒரு நடிப்பு. தூண்களுக்கு மேலே கிடையாக ஓடும் கல்பட்டை, என்டாபிளேச்சர், நான்கு சுவர்களையும் சுற்றி வருகிறது. பீடம் இருக்கும் பக்கம் அரைத்தூண்கள் உண்டு, பக்கச் சுவர்களில் இல்லை. அங்கே பட்டையை யார் 'தாங்குவது'? புருனெல்லெஸ்கி சின்னச் சின்னத் தாங்குகற்களை வைக்கிறார். கட்டுமானத்துக்கு அவை தேவையே இல்லை. பார்க்கிறவன் கண்ணுக்குத் தேவை. மூலைகளில் இன்னும் விசித்திரம்: அரைத்தூணில் ஒரு மெல்லிய கீற்று மட்டும் வெளியே தெரிகிறது, மிச்சம் சுவருக்குள் புதைந்துவிட்ட மாதிரி.

கத்துக்குட்டித்தனம் என்று இதை ஒதுக்க முடியாது. அதே வருடங்களில் அதே ஊரில், தரையிலிருந்து மரச்சாரம் எழுப்பாமல், 40 மீட்டருக்கு மேல் அகலமுள்ள கதீட்ரல் குவிமாடத்தை உயர்த்திக்கொண்டிருந்தவர் இவர். பாரம் எங்கே இறங்கும் என்று இவருக்கு யார் சொல்லித்தர வேண்டும்? தெரிந்தேதான் நடிக்கிறார். ஆனால் நடிப்புக்கும் ஒரு ஒழுங்கு வைத்துக்கொண்டு மூலையில் போய் மாட்டிக்கொள்கிறார். அந்தத் தவிப்புதான் எனக்குப் பிடித்தது.

அல்பெர்த்தியிடம் இந்தத் தவிப்பு கிடையாது. அதே ஊரின் சாந்தா மரியா நொவெல்லா தேவாலயத்தின் முகப்பில், 1470 என்று பொறித்த அந்த முகப்பில்தான், இரண்டு பெரிய வோல்யூட்டுகளை வைத்தார். 'சுருள் வடிவ அலங்காரம்' என்று பட்டியல் சொல்லிவிட்டு நகர்ந்துவிடும். அந்தச் சுருள்கள் பக்கக் கூடங்களின் சரிந்த கூரையை மறைக்கின்றன. அழகுதான், பின்னால் எத்தனையோ பேர் எடுத்துக்கொண்ட உத்தி. எனக்கென்னவோ கொஞ்சம் வழுக்குகிறது. பணம் கொடுத்த ருசெல்லாயின் பெயர் பெரிய எழுத்தில் உச்சியில் நிற்பதும் அதற்குப் பொருத்தம்தான்.

திரும்பத் திரும்ப அந்த மூலைக் கீற்றைத்தான் பெரிதாக்கிப் பார்க்கிறேன். என்னிடம் உள்ள பட்டியல்களில் அதற்குப் பெயர் இல்லை.