எச்சரிக்கும் ஆவியும் செவிமடுக்கும் மனிதரும்

கிறிஸ்து பிறப்பு விழாவின்போது ஆவிக் கதைகளைப் படிப்பது விக்டோரியா காலத்து ஆங்கில இல்லங்களில் வழக்கமாயிருந்தது. சார்லஸ் டிக்கன்ஸ் 1843இல் வெளியிட்ட ‘கிறிஸ்துமஸ் கேரல்’ நம்மில் பலர் அறிந்த கதை. ஆவிகள் எச்சரிக்கின்றன, ஸ்குரூஜ் மனம் மாறுகிறார். ஆனால் அதே ஆசிரியர் தம் ‘ஆல் தி இயர் ரவுண்ட்’ இதழின் 1866ஆம் ஆண்டுக் கிறிஸ்துமஸ் மலரில் எழுதிய ‘தி சிக்னல்மேன்’ கதையில் எச்சரிக்கை உண்டு, மீட்பு இல்லை.

குகைப்பாதையின் வாயிலில், ஆழ்ந்த பள்ளத்தில், தனித்துக் காவல் புரிகிறார் ஓர் இரயில்வே ஊழியர். சிவப்பு விளக்கினருகே ஓர் உருவம் இருமுறை தோன்றியது. இருமுறையும் சாவு தொடர்ந்தது. இப்போது மூன்றாம் முறையாக அது தோன்றியிருக்கிறது. ஆபத்து எங்கே, எப்போது என அவர் அறியார். தந்தி அடித்தால் பைத்தியக்காரன் என்பார்கள். அவருக்குப் பொறுப்பு உண்டு. அவர் சொல்லுக்கு மதிப்பில்லை. இதுவே அவரது வேதனை.

இக்கதைக்குப் பின்னே ஆசிரியர் பட்ட துயரம் ஒன்று உண்டு. 1865 ஜூன் 9 அன்று அவர் பயணம் செய்த இரயில் ஸ்டேபிள்ஹர்ஸ்ட் அருகே தடம் புரண்டது. பழுதுபார்ப்புக்காகத் தண்டவாளம் கழற்றப்பட்டிருந்தது. கொடி காட்ட நின்றவர் போதிய தொலைவில் நிற்கவில்லை. 10 பேர் மாண்டனர். காலம் தாழ்ந்த எச்சரிக்கை எத்தகையது என்பதை டிக்கன்ஸ் கண்ணாரக் கண்டவர்.

கதையில் குறை இல்லாமல் இல்லை. இரண்டாம் முன்னறிகுறியைத் தொடரும் இளம்பெண்ணின் சாவு காரணம் விளங்காமலே நின்றுவிடுகிறது. எனினும் கதையின் உயிர் ஆவியில் இல்லை. கதை சொல்லும் கனவானிடமே உள்ளது என்போம். அவர் கனிவுள்ளவர், பொறுமையுடன் கேட்கிறார். ஆனால் காவலரின் சொல்லை நோயின் அறிகுறியாகவே எடுத்துக்கொள்கிறார். நல்ல மருத்துவரிடம் அழைத்துச் செல்லவும் எண்ணுகிறார். மறுநாள் மாலை அவர் காண்பது இரயிலில் அடிபட்டு இறந்த காவலரின் உடலை.

அன்பில்லாதவர் ஸ்குரூஜ், அன்பிருந்தும் நாளைக்கென்று ஒத்திவைத்தவர் இந்தக் கனவான். நம்மில் பெரும்பாலோர் யாரைப் போன்றவர்கள்? விழித்திருங்கள் என்று அழைக்கும் திருவருகைக் காலத்தில், தனித்து விழித்திருப்பவரின் குரலைக் கேட்ட பின் நாம் என்ன செய்தோம் என இக்கதை நம்மைக் கேட்கிறது. விழா இல்லங்களில் ‘கேரல்’ ஒலிக்கட்டும். அதனருகே இதற்கும் ஓர் இரவு ஒதுக்குவோம்.