மூன்று பேர் இருந்தால்தான் ஷிப்டா?

பெண் பொறியாளர் என்றதும் அ.லலிதாவைச் சொல்லிப் பெருமைப்படுகிறோம். 18 வயதில் கணவரை இழந்து, கைக்குழந்தையை வைத்துக்கொண்டு, 1940இல் கிண்டி பொறியியல் கல்லூரியில் மின்பொறியியல் படிக்கச் சேர்ந்தவர். அவருடைய அப்பா பப்பு சுப்பாராவ் அதே கல்லூரியில் பேராசிரியர்; முதல்வர் கே.சி.சாக்கோவும் சம்மதித்தார். லலிதாவின் உழைப்பை இது துளியும் குறைக்காது. ஆனால் கதவைத் திறந்தது சிலருடைய நல்ல மனசு. அமெரிக்காவில் கறுப்பினப் பெண்ணான மேரி ஜாக்சன், வெள்ளையர் பள்ளியில் நடந்த வகுப்பில் உட்கார ஹாம்ப்டன் நகரத்திடம் தனி அனுமதி கேட்டார். 1958இல் நாசாவில் பொறியாளர் ஆனார். அதுவும் ஒருவருக்குக் கிடைத்த அனுமதிதான். அடுத்து வருகிறவர் மறுபடியும் முதலிலிருந்து கேட்க வேண்டும்.

குள்ளஞ்சாவடியில் முந்திரித் தோப்புக் கூலிக்குப் போகும் வீட்டுப் பெண்ணுக்குக் கல்லூரியில் அப்பா இல்லை. பஸ் ஏறினால் குறிஞ்சிப்பாடி, வடலூர் தாண்டி நெய்வேலி. அங்கே சுரங்கத்தில் வேலைக்குப் போக அவளுக்குச் சட்டம்தான் துணை நிற்க வேண்டும். அந்தச் சட்டம் எப்படி நின்றது?

1952ஆம் ஆண்டுச் சுரங்கச் சட்டத்தின் 46ஆவது பிரிவு பெண்களை நிலத்தடிச் சுரங்கத்தில் இறங்கவே விடவில்லை. மேலே என்றால் காலை 6 மணி முதல் இரவு 7 மணி வரை. நெய்வேலியில் இருப்பது திறந்தவெளிச் சுரங்கம். பக்கெட் வீல் எந்திரமும் கன்வேயரும் ராத்திரியிலும் ஓடும்; பழுப்பு நிலக்கரிக்கு அடியிலிருந்து மேலே அழுத்தும் ஊற்று நீரை ஓயாமல் இறைத்தால்தான் வெட்ட முடியும். எட்டு எட்டு மணி நேரமாக மூன்று ஷிப்ட். சட்டம் விட்ட 13 மணி நேரத்துக்குள் ஒரு ஷிப்ட்தான் முழுசாக அடங்கும். மற்ற இரண்டிலும் கால் வைக்க முடியாதவரை யார் ஷிப்ட் இன்சார்ஜ் ஆக்குவார்கள்? இரவை மட்டுமா மறுத்தது இந்தப் பிரிவு, பதவி உயர்வையும் சேர்த்தே மறுத்தது.

தொழிற்சாலைகளில் இதே போன்ற இரவுத் தடையைச் சென்னை உயர் நீதிமன்றம் 2000இலேயே நீக்கிவிட்டது. சுரங்கத்துக்கு விடிய 2019 ஜனவரி ஆயிற்று. அப்போது வந்த மத்திய அரசின் அறிவிப்பு, திறந்தவெளிச் சுரங்கத்தில் பெண்களை இரவிலும் அனுமதித்தது. எழுத்துப்பூர்வச் சம்மதம் கேட்டது, சரி. கூடவே, ஒரு ஷிப்டில் மூன்று பெண்களுக்குக் குறையக் கூடாது என்றது.

இந்த நிபந்தனையை அலட்சியமாக ஒதுக்கிவிட முடியாது. நீண்டு கிடக்கும் கன்வேயர் ஓரம் நடுராத்திரியில் தனியாக நடப்பது யாருக்குமே ஆபத்து. ஆனால் பெண்களே அரிதான துறையில், இரண்டு பேரை மட்டும் வேலைக்கு எடுத்த நிர்வாகம், "மூன்றாவது ஆள் இல்லையே" என்று இருவரையும் பகலிலேயே நிறுத்திவிடலாம். ஆள் எடுக்காத குறை நிர்வாகத்தினுடையது, தண்டனை பெண்ணுக்கு.

ஆகவே என் தீர்ப்பு: 2019 அறிவிப்பு லலிதாவின் கதையைவிடப் பெரியது, ஏனென்றால் முன்பின் தெரியாத பெண்ணுக்கும் அது பொருந்தும். அதன் மூன்று பேர் விதியோ தவறான தோளில் ஏற்றிய சுமை. விளக்கு, வண்டி, ஓய்வறை, துணைக்கு ஆள், இவற்றை நிர்வாகத்தின் கடமையாக எழுதி, ஒரே ஒரு பெண் இருந்தாலும் அவளுக்கு ஷிப்ட் உண்டு என்று விதி சொல்ல வேண்டும்.