ஷிஃப்ட் லாக் - ஒரு பாதிப் பூட்டு

ஆட்டோமேட்டிக் கார் ஓட்டுறவங்களுக்குத் தெரியும்: பிரேக்கை மிதிக்காம கியர் லிவர் பார்க்கை விட்டு அசையாது. இதுக்குப் பேர்தான் ஷிஃப்ட் லாக். உள்ளே பெரிய வித்தை எதுவும் இல்லை. லிவருக்குக் குறுக்கே ஒரு சின்னத் தாழ்ப்பாள் இருக்கும். இக்னிஷன் ஆனில் இருக்கும்போது பிரேக்கை மிதித்தால், பெடல் சுவிட்ச் மூலம் ஒரு சோலனாய்டுக்கு மின்சாரம் போகும், தாழ்ப்பாள் விலகும். பல கார்களில் பிரேக் லைட்டை எரியவைப்பதும் அதே சுவிட்ச்தான். அதனால லிவர் சிக்கிக்கிட்டா, முதல்ல பின்னாடி பிரேக் லைட் எரியுதான்னு யாரையாவது பார்க்கச் சொல்லுங்க.

இது பரவினதுக்குப் பின்னால ஒரு கதை இருக்கு. ஆடி 5000 கார்கள் தானாகவே சீறிப் பாயுதுன்னு 1986 நவம்பரில் அமெரிக்காவின் '60 மினிட்ஸ்' டிவி நிகழ்ச்சி காட்டியது. அந்தக் காட்சிக்காக டிரான்ஸ்மிஷனில் துளை போட்டு, வெளியிலிருந்து காற்றழுத்தம் கொடுத்திருந்தாங்கன்னு பிறகு தெரிஞ்சது. 1989-ல் வந்த அமெரிக்க அரசின் ஆய்வு, பெரும்பாலான சம்பவங்களில் ஓட்டுநர் பிரேக் என்று நினைத்து ஆக்சிலரேட்டரை மிதித்ததே காரணம் என்றது. ஆனா அதுக்கு முன்னாடியே, 1987-ல், ஆடி கார்களைத் திரும்ப அழைத்து ஷிஃப்ட் லாக் பொருத்த ஆரம்பிச்சிருந்தது. தப்பு யாருடையதாக இருந்தாலும், அது நடக்காதபடி ஒரு தடுப்பு. நல்ல பொறியியல்னா இதுதான். 2010 செப்டம்பர் முதல் அமெரிக்காவில் புதுக் கார்களுக்கு இது கட்டாயம்.

என் குறை இங்கேதான் ஆரம்பிக்குது. இந்தப் பூட்டு பார்க்கிலிருந்து வெளியே போறதைத்தான் தடுக்குது. பார்க்குக்குள்ள போச்சான்னு பார்க்கிறதில்லை. 2016-ல் ஃபியட் கிரைஸ்லர் சுமார் 11 லட்சம் கார்களைத் திரும்ப அழைத்தது. அவற்றின் லிவர், கியரை மாற்றியதும் நடுவுக்கே திரும்பிவிடும். எந்த கியரில் இருக்குன்னு கைக்குத் தெரியாது. பார்க்கில் போட்டதா நினைச்சு இறங்கினாங்க, கார் உருண்டது. அந்த ஜூன் மாதம், நடிகர் ஆன்டன் யெல்ச்சின் தன் வீட்டின் சரிவான பாதையில் உருண்டுவந்த ஜீப் கிராண்ட் செரோக்கியில் நசுங்கி இறந்தார். திரும்ப அழைக்கப்பட்ட மாடல்களில் அதுவும் ஒன்று. ஓட்டுநர் இறங்கப் போறதை உணர்ந்து தானே பார்க் போடும் மென்பொருள்தான் கடைசியில் தீர்வானது.

அதாவது 1987-ல் காலுக்குக் கற்ற பாடத்தை, கைக்குக் கற்க இன்னும் 29 வருஷம் ஆச்சு. உங்க கார்ல அந்த மென்பொருள் இல்லைன்னா? இறங்கும் முன் டாஷ்போர்டைப் பாருங்க, ஹேண்ட்பிரேக்கையும் போடுங்க. அந்த மீதிப் பூட்டு நாமதான்.