யாக்கோபின் கனவும் பிளேக்கின் படிக்கட்டும்

வில்லியம் பிளேக் (1757–1827) இலண்டனை விட்டு வெளியே வாழ்ந்தது மூன்றே ஆண்டுகள். அதுவும் ஃபெல்பம் என்ற கடலோரக் கிராமத்தில். நாடு கடந்து போகாத மனிதர், ஊரைவிட்டு ஓடிய ஒருவன் வழியில் கழித்த இரவை வரைந்திருக்கிறார். 'யாக்கோபின் கனவு' என்ற அந்தச் சிறிய நீர்வர்ண ஓவியம் இன்று பிரித்தானிய நூதனசாலையில் இருக்கிறது.

கதை தெரிந்ததுதான். தந்தையை ஏமாற்றித் தமையனுக்குரிய ஆசியைப் பெற்றுக்கொண்ட யாக்கோபு, ஏசா கொன்றுவிடுவான் என்ற பயத்தில் ஆரானுக்குப் புறப்படுகிறான். பொழுதுபட்டதும் ஒரு கல்லில் தலைவைத்துத் தூங்குகிறான். ஆதியாகமத்தில் ஏணியும் தேவதூதர்களும் ஒரே வசனத்தில் முடிந்துவிடுகிறார்கள். அதன்பின் வருவது வாக்குறுதி: அந்த நிலம் அவனுக்கும் அவன் சந்ததிக்கும் உரியதாகும், அவன் அங்கு திரும்பிவருவான்.

பிளேக் இந்த வாக்குறுதியை வரையவில்லை. ஏணியையும் வரையவில்லை. நட்சத்திரங்கள் நிறைந்த வானத்தில் சுழன்று சுழன்று ஏறுகிறது ஒரு படிக்கட்டு. (இது பிழையல்ல, எபிரேய மூலத்திலுள்ள சொல்லைப் படிக்கட்டு என்றும் கொள்ள இடமுண்டு.) உச்சியில் பேரொளி, பேசுகின்ற கடவுளின் உருவம் இல்லை. படிகளில் ஏறுவோரும் இறங்குவோரும் சிலர் சிறகுடையோர், சிலர் சிறகில்லாதோர். கூடை சுமந்த பெண், குடமேந்திய பெண், குழந்தைகள். சொர்க்கத்தின் கம்பீரம் இதில் இல்லை. கிணற்றடிக்கும் குசினிக்குமிடையே நடக்கும் போக்குவரத்துப் போலவே எனக்குப் படுகிறது. ஓவியத்தின் பலமும் இதுதான்.

குறையும் உண்டு. தூங்குபவனின் உடலில் களைப்பில்லை. கைகளை விரித்து, ஏதோ தன் வீட்டு முற்றத்தில் கிடப்பவன் போலக் கிடக்கிறான். வேதாகமத்து யாக்கோபு பயந்து விழிப்பவன். ரிபேரா 1639இல் வரைந்த யாக்கோபைப் பார்த்தவர்களுக்கு இந்த வேறுபாடு உறைக்கும். ஸ்பெயினில் பிறந்து நேபிள்ஸில் வாழ்ந்து அங்கேயே மறைந்தவர் ரிபேரா. அவருடைய ஓவியத்தில் இருப்பது வெறும் நிலத்தில் தலையைக் கையில் தாங்கி உறங்கும் ஒரு மனிதனின் பாரம். கனவு, பின்னால் மங்கிய ஒளியாக மட்டுமே தெரிகிறது. அலைச்சலை அறிந்தவர் ரிபேரா என்பேன்.

பிளேக்கிடம் இதை வாங்கியவர் தோமஸ் பட்ஸ் என்ற அரசாங்க எழுதுவினைஞர். 1808இல் றோயல் அக்கடமியிலும், மறு ஆண்டு சகோதரரின் காலுறைக் கடை மாடியில் பிளேக் தாமே நடத்திய கண்காட்சியிலும் இது வைக்கப்பட்டது. வந்தவர்கள் சொற்பம். றொபேட் ஹன்ற் என்ற விமர்சகர் ஓவியரைப் பைத்தியம் என்றே எழுதிவைத்தார்.

இருந்தாலும் நான் திரும்பத் திரும்பப் பார்ப்பது பிளேக்கின் ஓவியத்தைத்தான். காரணம் அந்தக் குடம். ஆதியாகமத்தில் ரெபெக்காள் முதன்முதலாக வருவதே தோளில் குடத்தோடு. அவள்தான் யாக்கோபின் தாய். அவனைத் தப்பி ஓடச் சொன்னவளும் அவளே. அண்ணனின் கோபம் ஆறும்வரை கொஞ்ச நாள் மாமன் வீட்டில் இருக்கச் சொல்லித்தான் அனுப்பினாள். அது இருபது ஆண்டுகளாயிற்று. மனைவியர், பிள்ளைகள், மந்தைகளோடும் ஒரு நொண்டற்காலோடும் அவன் திரும்பியபோது தந்தை ஈசாக்கு உயிரோடிருந்தார். ரெபெக்காளை அவன் மறுபடி கண்டதாக ஆதியாகமத்தில் ஒரு வசனமும் இல்லை.