விடை இருக்கிறது, விளக்கம் எங்கே?

இலக்கிய ஏட்டின் திறனாய்வுப் பகுதியில் தேர்வு வழிகாட்டி நூலுக்கு என்ன வேலை என்று புலவர் சிலர் புருவத்தை நெரிக்கக் கூடும். காப்பியத்தைக் கூறுபோட்டு ஆராய்ந்த தராசில் கணக்குப் புத்தகத்தையும் நிறுப்பதா என்று கேட்கக் கூடும். அவர்களுக்கு நாம் ஒரு கேள்வியையே விடையாகத் தருகிறோம். தமிழ்நாட்டு ஏழை வீடுகளில் அட்டை முதல் அட்டை வரை ஆவலோடும் அச்சத்தோடும் படிக்கப்படும் நூல் எது? காப்பியமா? புதினமா? இல்லை. பிள்ளையைத் தேர்வுக்கு அனுப்பும் வீட்டில், அரிக்கேன் விளக்கு மறைந்து மின்விளக்கு வந்த பின்னும், வழிகாட்டி நூலே தலைமை நூல். வாழ்வை மாற்றும் என்று நம்பி வாங்கப்படும் நூலைத் திறனாய்வு தொடாமல் விட்டால், அத்திறனாய்வுக்கு மக்களோடு என்ன உறவு?

ஆகவே ஒரு தனி நூலை அல்ல, அந்நூல் வகையையே எடுத்துக்கொள்கிறோம். அதை நாம் படித்துப் பார்க்கும் இடம் மரக்காணம்.

சிறுபாணாற்றுப்படையில் வரும் எயிற்பட்டினம் இவ்வூரே என்று கொள்ளும் அறிஞர் உளர். ஓய்மா நாட்டு நல்லியக்கோடனின் துறைமுகம் என்று பெருமை பேசலாம். பழம்பெருமை பாத்தியில் நிற்பவனின் காலைக் காக்கவில்லை என்பதையும் சேர்த்தே சொல்லவேண்டும். தை மாதத்தில் பாத்தி திருத்தத் தொடங்கி, வடகிழக்குப் பருவமழை இறங்கும்வரை ஆணும் பெண்ணும் விடியலுக்கு முன்பே உப்பளத்தில் இறங்குகின்றனர். மழை வந்தால் உப்புக்குவியலுக்குக் கீற்று மேயப்படுகிறது. உப்பு வாரியவனுக்கு வேலை நின்றுபோகிறது. அந்த வீட்டுப் பிள்ளை தேர்வு எழுதவேண்டும் என்றால், அதன் பொருள் வேறு. அது பட்டம் பதவி ஆசையன்று. பாத்தியிலிருந்து கரையேறும் படிக்கட்டு.

என்னென்ன தேர்வுகள்? பத்து வயதை ஒட்டிய குழந்தைகளைச் சலித்தெடுக்கும் தேர்வுகளுள் பெயர் பெற்றது ஜவகர் நவோதயா பள்ளித் தேர்வு. 1986ஆம் ஆண்டுக் கல்விக் கொள்கையோடு நாடெங்கும் பரவிய உறைவிடப் பள்ளிகள் அவை. ஐந்தாம் வகுப்பில் பயிலும்போது எழுதி ஆறாம் வகுப்பில் சேரவேண்டும். 2 மணி நேரம், 80 வினாக்கள், 100 மதிப்பெண். அவற்றுள் 40 வினாக்கள் மனத்திறன், 20 கணக்கு, 20 மொழி. ஒரு குழந்தை இத்தேர்வை வாழ்நாளில் ஒரு முறைதான் எழுதலாம். பத்து வயதில் இறுதித் தீர்ப்பு!

மரக்காணத்திலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் பேருந்து ஏறினால், ஒரு மணி நேரத்துக்குள் காலாப்பட்டு வந்துவிடும். அங்கே புதுச்சேரியின் நவோதயா பள்ளி இருக்கிறது. தேர்வைத் தமிழிலும் எழுதலாம். ஆனால் அந்த மாவட்டத்தில் குடியிருந்து அங்கேயே பயிலும் பிள்ளைக்கே அவ்வாயில் திறக்கும். காலாப்பட்டு, பிரெஞ்சுக்காரன் ஆண்ட நிலத்தின் துண்டு. சுற்றியிருப்பது ஆங்கிலேயன் ஆண்ட நிலம். இருவரும் கப்பலேறிப் போய்ப் பல பத்தாண்டுகள் ஆயின. அவர்கள் போட்ட எல்லைக்கோடு இன்னும் ஐந்தாம் வகுப்புப் பிள்ளையின் முன் நிற்கிறது.

தமிழ்நாட்டில் நவோதயா பள்ளி ஒன்றுகூட இல்லை. காரணம் யாவரும் அறிந்ததே. அப்பள்ளிகள் மும்மொழித் திட்டத்தில் இயங்குகின்றன. 1968 சனவரியில் அறிஞர் அண்ணா முதலமைச்சராக இருந்தபோது, சட்டமன்றம் இருமொழிக் கொள்கையைத் தீர்மானமாக்கியது. 2017இல் உயர்நீதிமன்ற மதுரைக் கிளை நவோதயா பள்ளிகளுக்கு இடம் தரச் சொல்ல, வழக்கு உச்சநீதிமன்றம் சென்றது. கொள்கையில் நமக்கு ஐயமில்லை. ஆயினும் ஒன்றை மறுத்தவர்க்கு ஒரு கடமை உண்டு. அதற்கு ஈடானதை, அதைவிட மேலானதை, எல்லார்க்கும் தரவேண்டும். இந்தியை வேண்டாம் என்று சொல்வது உரிமை. மரக்காணத்துப் பிள்ளைக்கு நல்ல ஆய்வுக்கூடமும் நூலகமும் உறைவிடமும் வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லையே!

இன்று அந்தப் பிள்ளையின் கைக்கு எட்டும் தேர்வு, எட்டாம் வகுப்பில் வரும் தேசிய வருவாய்வழி, திறன்படிப்பு உதவித்தொகைத் தேர்வு. அரசுப் பள்ளியிலும் உதவிபெறும் பள்ளியிலும் பயில்வோர் எழுதலாம். பெற்றோர் ஆண்டு வருமானம் 3,50,000 ரூபாய்க்கு மிகக்கூடாது. வென்றால் ஒன்பது முதல் பன்னிரண்டு வரை மாதம் 1,000 ரூபாய். மனத்திறனில் 90, பாடத்தில் 90, ஆக 180 வினாக்கள். காலமும் 180 நிமிடம். தமிழ்நாட்டின் பங்கு ஆண்டுக்கு 6,695 பேர். நான்கு ஆண்டில் 48,000 ரூபாய் என்பது செல்வர்க்குச் சிறு தொகை. உப்பளத்து வீட்டில் அது, எட்டாம் வகுப்போடு நிற்க இருந்த பெண்ணைப் பன்னிரண்டாம் வகுப்புவரை கொண்டுசேர்க்கும் ஓடம்.

இனி, நூலைத் திறப்போம்.

முதலில் கண்ணில் படுவது மனத்திறன் பகுதி. நான்கு உருவங்களில் பொருந்தாதது எது? கண்ணாடியில் இவ்வுருவம் எப்படித் தெரியும்? இவ்வெண்களை அடுத்து வரும் எண் யாது? இவற்றில் தவறு ஏதுமில்லை. குழந்தை விரும்பும் விளையாட்டுகளே இவை. அடுத்து கணக்கு: ரயில் கம்பத்தைக் கடக்கிறது, வணிகன் நட்டமடைகிறான், தொட்டியைக் குழாய் நிரப்ப, ஓட்டை வடிக்கிறது. மரக்காணத்தில் ரயில் இல்லை. பார்க்கவேண்டுமானால் திண்டிவனம் போகவேண்டும். இதையே பெருங்குறையாக நாம் சொல்லமாட்டோம். காணாத பனிமலையைக் கதையில் படித்து மகிழும் குழந்தை, காணாத ரயிலையும் கணக்கில் ஓட்டும்.

குறை வேறு இடத்தில் இருக்கிறது. நூலின் கடைசிப் பக்கத்தைப் புரட்டுங்கள். 1-ஆ, 2-ஈ, 3-அ என்று விடைகள் வரிசையாக நிற்கின்றன. ஏன் ‘ஆ’? எப்படி ‘ஈ’? நூல் வாய் திறப்பதில்லை. வேதம் ஓதுகிறவன் பொருள் சொல்லாமல் ஒலியை மட்டும் தந்தான் என்று நாம் சாடினோமே, அதே வழக்கம் இங்கே அச்சில் ஏறியிருக்கிறது! படித்த வீட்டில் விளக்கம் சொல்ல அப்பா இருக்கிறார். பணமுள்ள வீட்டில் பயிற்சி ஆசிரியர் இருக்கிறார். நூல் பேசாமல் விட்ட இடத்தை அவர்கள் பேசி நிரப்புகிறார்கள். உப்பளத்து வீட்டில் அவ்விடம் வெறுமையாகவே கிடக்கிறது. விளக்கமில்லாத விடை, விளக்கம் வாங்கத் தெரிந்தவனுக்கே பயன்படும். இதுவே இந்நூல் வகையின் அடிப்படைக் குற்றம்.

இரண்டாவது குற்றம், முன்னுரையிலேயே தலைகாட்டும் ஒரு நம்பிக்கை. மனத்திறன் என்பது பிறவியில் வருவது, தேர்வு அதை அளந்து காட்டும் என்ற எண்ணம். வருணம் பிறவியில் வரும் என்ற பழைய சரக்குக்கு இது புதிய உறை. வரலாறு என்ன சொல்கிறது? 1905இல் பாரிசில் ஆல்பிரட் பினே இத்தகைய தேர்வை அமைத்தது, எந்தக் குழந்தைக்குக் கூடுதல் உதவி வேண்டும் என்று கண்டறிய. அறிவு மாறாத அளவுடையது என்பதை அவரே ஏற்கவில்லை. கைகொடுக்கப் பிறந்த கருவியைக் கழுத்தைப் பிடித்துத் தள்ளும் கருவியாக்கினர் பின்வந்தோர்.

இங்கிலாந்தில் 1944ஆம் ஆண்டுக் கல்விச் சட்டத்தின் பின், பதினோரு வயதுத் தேர்வு பிள்ளைகளைப் பிரித்தது. வென்ற சிறுபான்மைக்கு இலக்கணப் பள்ளி. தோற்ற பெரும்பான்மைக்கு மற்றொன்று. பிறவி அறிவு பற்றி அங்கே பெரிதும் பேசிய சிரில் பர்ட்டின் புள்ளிவிவரங்கள் 1970களில் கடும் ஐயத்துக்கு உள்ளாயின. அதற்கு முன்பே, 1950களில், பயிற்சி தந்தால் அறிவுத்தேர்வு மதிப்பெண் உயர்கிறது என்று பிலிப் வெர்னன் போன்ற உளவியலாளர் காட்டிவிட்டனர். பயிற்சியால் உயர்வது பிறவிக்குணம் ஆகுமா? 1965இல் அந்நாட்டு அரசே, எல்லார்க்கும் பொதுவான பள்ளிகளை நோக்கி நகருமாறு உள்ளாட்சிகளைக் கேட்டது. நம் நாட்டில் நீட் தேர்வை ஆராய்ந்த நீதிபதி ஏ.கே. இராசன் குழு 2021இல் சொன்னதும் இதனையே ஒட்டியது: பயிற்சி வாங்கியோரும் மீண்டும் மீண்டும் எழுதியோருமே முந்துகின்றனர்.

நம் புராணிகர் போற்றும் நுழைவுத்தேர்வு ஒன்றும் உண்டு. மரத்தில் பறவையை வைத்து, என்ன தெரிகிறது என்று துரோணன் கேட்டானாம். மரம், கிளை, உடன்பிறந்தார் எல்லாம் தெரிகிறது என்றவன் தோற்றான். பறவையின் கண் மட்டுமே தெரிகிறது என்றவன் வென்றான். மரத்தையும் மனிதரையும் பார்த்தவனுக்கு முட்டை. ஒன்றைத் தவிர எதையும் பாராதவனுக்கு முழு மதிப்பெண்! அந்தத் தேர்வுக்கூடத்தில் ஏகலைவனுக்கு இருக்கையே இல்லை என்பது தனிக் கதை. காட்டில் தானே கற்றுக்கொண்டு வந்து நின்றபோது, அவனுக்குக் கிடைத்த சான்றிதழ் என்ன என்பதையும் நாடறியும்.

அப்படியானால் பிள்ளைக்கு எப்படித் துணை நிற்பது? தேர்வு ஒழியும்வரை கைகட்டி நிற்பதா? கூடாது. விளக்கம் இல்லாத நூலுக்கு விளக்கமாக நாம் இருக்கவேண்டும்.

மரக்காணத்துக் கண்ணைக்கொண்டே தொடங்கலாம். 1,000 கிலோ கடல்நீரில் ஏறக்குறைய 35 கிலோ உப்புப் பொருள்கள் உள்ளன. அவற்றில் நாம் உண்ணும் உப்பு சுமார் 27 கிலோ. ஒரு டன் உப்பு வேண்டுமானால் எத்தனை டன் கடல்நீர் வற்றவேண்டும்? பிள்ளை வகுத்துப் பார்க்கட்டும்: 37 டன். விகிதம் என்ற பாடம் அதன் மனத்தில் இறங்கிவிடும். நீரின் செறிவைக் கருவியிட்டு டிகிரி பார்க்கிறார்கள். 25ஐ ஒட்டி உப்புப் பூக்கிறது, 29ஐத் தாண்டவிட்டால் கசப்பு உப்புகளும் சேர்ந்து படிகின்றன. வரிசை, ஒழுங்கு, விலக்கு என்று மனத்திறன் பகுதி கேட்பதெல்லாம் இங்கே இருக்கின்றன. அசையாத பாத்தி நீரில் குவியலின் நிழல் தலைகீழாய்க் கிடக்கிறது. எதிருருவத்துக்கு அதைவிட நல்ல பாடம் எது?

இங்கே ஒரு குரல் எழும்: “இதுதானே குலக்கல்வி? 1953இல் இராசாசி சொன்னதை நீங்களே சொல்கிறீர்களே!” இல்லை, தோழர்களே. அத்திட்டம் கிராமத்துத் தொடக்கப்பள்ளி நேரத்தைப் பாதியாக்கி, மீதிப் பொழுதில் பிள்ளையைத் தகப்பன் தொழிலுக்கு அனுப்பப் பார்த்தது. நாடு கொதித்தது, 1954இல் காமராசர் அதைக் கைவிட்டார். உப்பளத்துக்குப் பிள்ளையை அனுப்புவது ஒன்று. உப்பளத்தைப் பிள்ளையின் பாடத்துக்குள் கொண்டுவருவது மற்றொன்று. முன்னது பாத்திக்குள் அடைக்கிறது. பின்னது பாத்தியை அறிவால் ஆளச் செய்கிறது.

அடுத்தது காலம். தேர்வுக்கு ஒரு திங்கள் முன் பிள்ளையைப் பிடித்து வாட்டுவதில் பயனில்லை. ஓராண்டுக்கு முன்பே தொடங்கி, நாளொன்றுக்கு அரைமணி போதும். பத்து வினாக்கள் போட்டு, ஒவ்வொன்றுக்கும் ‘ஏன்’ சொல்லவைக்கவேண்டும். தவறான விடைக்கும் காரணம் கேட்கவேண்டும். பிள்ளை எங்கே வழுக்கியது என்பது அப்போதுதான் தெரியும். வினாவுக்கு ஒரு நிமிடம் என்ற வேகத்தைக் கடைசி இரண்டு மாதங்களில் பழக்கினால் போதும். புரிந்த பின் வரும் வேகமே நிற்கும். நாள்தோறும் ஒரு பக்கம் உரக்கப் படிக்கவேண்டும். வினாவைப் பிழையின்றிப் படிப்பதே பாதி விடை.

எழுத்தறியாத தாய்க்கும் இதில் இடமுண்டு. “எனக்குப் புரியும்படி சொல்” என்று கேட்கத் தெரிந்த தாயைவிட நல்ல ஆசிரியர் இல்லை. வருமானச் சான்றிதழும் சாதிச் சான்றிதழும் விண்ணப்பமும் உரிய நாளில் தலைமையாசிரியர் கையில் சேரவேண்டும். அறிவு இருந்தும் தாள் இல்லாமல் தோற்ற பிள்ளைகள் பலர்.

இவற்றைச் செய்ய இடம் எங்கே? ஒரு காலத்தில் நம் இயக்கம் தெருவுக்குத் தெரு படிப்பகம் வைத்தது. எழுத்தறிந்தவர் ஏட்டை உரக்கப் படிக்க, அறியாதவர் சுற்றியமர்ந்து கேட்டு, உலகை அறிந்தனர். அந்தப் படிப்பகத்தில் மாலையில் ஒரு விளக்கு, ஒரு கரும்பலகை, கல்லூரியில் பயிலும் அவ்வூர்ப் பிள்ளைகள் இருவர் இருந்தால் போதும். தேர்வு எழுதும் பிள்ளை மட்டுமன்று, தெருப் பிள்ளைகள் அனைவரும் அங்கே அமரவேண்டும். ஏனெனில் 6,695 என்ற எண்ணை நம்மால் இன்று கூட்ட முடியாது. விளங்கிக் கற்ற பிள்ளைகளின் எண்ணைக் கூட்ட முடியும்.

தேர்வையும் எதிர்த்துக்கொண்டு, தேர்வுக்கும் பயிற்றுவிப்பது முரண் அல்லவா என்பார்க்கு ஒரு சொல். கோட்டை வாயிலை இடிக்கப் போராடுவதும், அது இடியும்வரை வெளியே நிற்கும் பிள்ளையைத் தோளில் தூக்கி மதில் தாண்டவிடுவதும் ஒரே போரின் இரு வேலைகள். ஒன்றைச் செய்து மற்றதை விட்டால், ஒருபுறம் வெறும் முழக்கம். மறுபுறம் வெறும் வியாபாரம். தோற்ற பிள்ளையிடம் “நீ அறிவிலி” என்று எவர் சொன்னாலும், “இல்லை, இடங்கள்தாம் குறைவு” என்று சொல்லும் துணிவும் உண்மையும் நமக்கு வேண்டும். அந்தச் சொல்லை எந்த வழிகாட்டி நூலும் அச்சிடவில்லை. அதை நாம்தான் சொல்லியாகவேண்டும்.