சாகக் கிடப்பவனின் மனைவி எங்கே போனாள்?

'சீசன்ஸ் இன் த சன்' பாட்டை நான் முதலில் கேட்டது வெஸ்ட்லைஃப் குழுவின் குரலில். 1999 கிறிஸ்துமஸுக்குப் பிரிட்டனில் முதலிடம் பிடித்த பதிவு அது. சாகப்போகும் ஒருவன் நண்பனிடமும் அப்பாவிடமும் மிஷெல் என்ற சின்னப் பெண்ணிடமும் விடைபெறுகிறான். கேட்கக் கேட்கத் தொண்டை அடைக்கும். பிறகு அதன் பிரெஞ்சு மூலத்தைக் கேட்டேன். அங்கே செத்துக்கொண்டிருந்தவன் முற்றிலும் வேறு ஆள்.

பெல்ஜியப் பாடகர் ஜாக் பிரெல் 1961இல் பாடிய 'லெ மோரிபோன்' அது. தலைப்புக்குச் சாகக் கிடப்பவன் என்று பொருள். அவன் நண்பன் எமிலிடமும் பாதிரியாரிடமும் விடைபெற்றுவிட்டு அந்துவானிடம் வருகிறான். அந்துவான் அவன் மனைவியின் கள்ளக் காதலன். உன்னை எனக்குப் பிடித்ததே இல்லை, நீ கல்லுக்குண்டாக இருக்க நான் போகிறேனே என்று வயிறெரிகிறான். அதே மூச்சில், இத்தனை நாள் பழகியவன், என் மனைவியை நன்றாகத்தான் பார்த்துக்கொள்வாய் என்கிறான். கடைசியில் மனைவி. அவளிடம் கண்ணை மூடிக்கொண்டு போவதைப் பற்றிப் பேசுகிறான். கண்மூடுதல் என்றால் நமக்கும் சாவுதான். ஆனால் அவன் உயிரோடு இருந்தபோதே பலமுறை கண்ணை மூடிக்கொண்டவன், எல்லாம் தெரிந்தும் தெரியாதவன்போல. அந்த ஒரு சொல்லில் ஒரு குடும்பத்தின் முழுக்கதையும் இருக்கிறது.

இதை ஆங்கிலத்தில் எழுதியவர் ராட் மக்யூன். மெட்டுக்கு எழுதுகிறவரின் நெருக்கடி பெரியது. அசை இடிக்கக் கூடாது, பாடுகிறவர் வாயில் சொல் நிற்க வேண்டும். அந்த வேலையை அவர் அழகாகவே செய்தார். வசந்தகாலத்தில் சாவது கொடுமை என்ற பிரெலின் வேதனையைப் பறவைகளோடு சேர்த்துக் காப்பாற்றினார். பாதிரியார் அப்பாவானதை நான் குறையாகச் சொல்லமாட்டேன். துரோகம் செய்த மனைவியையும் அவர் விட்டுவைத்தார். பல்லவியில்தான் சறுக்கல். பிரெலின் ஆள், என்னைக் குழியில் இறக்கும்போது எல்லோரும் சிரிக்க வேண்டும், ஆட வேண்டும் என்று அடம்பிடிக்கிறான். ஆங்கிலத்தில் அது அனுபவித்த நல்ல நாட்களின் நினைவாகிவிட்டது. சாவை எதிர்த்து நின்றவன் பழசை எண்ணி ஏங்குகிறவனானான்.

கிங்ஸ்டன் ட்ரையோ 1963இல் பாடியது இந்த வடிவத்தைத்தான். அது பெரிதாக எடுபடவில்லை. பத்தாண்டு கழித்துக் கனடாவின் டெர்ரி ஜாக்ஸ் மனைவியை எடுத்துவிட்டு மிஷெலைக் கொண்டுவந்தார். 1974இல் அமெரிக்காவில் மூன்று வாரம் அது முதலிடத்தில் இருந்தது. ரத்தப் புற்றுநோயால் சாகக் கிடந்த நண்பரை நினைத்தே பாட்டைக் கையிலெடுத்ததாக ஜாக்ஸ் சொல்லியிருக்கிறார். அதனால் இதை வெறும் வியாபாரம் என்று தள்ள எனக்கு மனம் வரவில்லை. பள்ளிப் பிரிவுபசாரத்தில் பாடலாம், அப்பாவை இழந்தவர் பாடலாம். பிரெலின் பாட்டை அப்படி எடுத்துப் பாட முடியாது. அது அந்துவானை வெறுக்கும் அந்த ஒருவனுக்கு மட்டுமே சொந்தம்.

ஆனாலும் எனக்கு மனத்தாங்கல் இருக்கிறது. மெட்டுக்காகச் சொல் மாறலாம், ஊருக்காகப் பெயர் மாறலாம். மன்னிக்க வேண்டியவர்களை எல்லாம் அப்புறப்படுத்திய பிறகு அந்த மனிதனுக்குக் கடைசி மூச்சில் செய்ய என்ன மிச்சம்? ஜாக்ஸின் பாட்டில் எல்லோரும் நல்லவர்கள். அழுவது சுலபமாகிவிடுகிறது. பிரெலிடம் அழ நேரமே இல்லை. படைநடைபோல விரைந்து போகும் தாளத்தில், பொறாமையும் பாசமும் குரலை இடிக்க, அவன் கடைசி வரை ஆடச் சொல்லிக் கத்திக்கொண்டே போகிறான்.