பத்து சதவீதப் பச்சை

மனை வாங்கப் போகிறவர் லேஅவுட் வரைபடத்தில் முதலில் தேடுவது தன் மனை எண்ணை. அடுத்துக் கண்ணில் படுவது ஓரத்தில் பச்சை பூசிய ஒரு கட்டம். “பசங்க விளையாட இடம் சார்” என்று புரமோட்டரின் ஆள் அதன்மேல் விரலை வைப்பார். தாம்பரத்துக்குத் தெற்கே நான் மனை தேடி அலைந்த நாட்களில் அப்படிப்பட்ட கட்டங்கள் சிலவற்றை நேரில் போய்ப் பார்த்தேன். ஒன்று உயர் மின்னழுத்தக் கம்பிக்கு அடியில் கிடந்தது. இன்னொன்று முக்கோணம், மனையாக யாரும் வாங்க மாட்டார்கள். மூன்றாவதில் சீமைக்கருவேலம் மண்டி, உள்ளே போக வழியே இல்லை.

புரமோட்டர் மனமிரங்கி விட்ட இடம் என்று இதை நினைத்துவிடக் கூடாது. 2019-ஆம் ஆண்டின் ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள் அதைக் கட்டாயமாக்குகின்றன. நிலம் 10,000 சதுர மீட்டரைத் தாண்டினால், சாலை போக மீதியில் 10 சதவீதத்தைத் திறந்தவெளியாக ஒதுக்கித் தானப் பத்திரம் எழுதித் தர வேண்டும். 3,000 முதல் 10,000 வரை என்றால் நிலமும் தரலாம், அதன் வழிகாட்டி மதிப்பைப் பணமாகவும் கட்டலாம். 3,000-க்கு உட்பட்டால் ஒன்றும் வேண்டாம். அலுவலகங்களில் இதற்கு ஓ.எஸ்.ஆர். நிலம் என்று பெயர்.

இந்த விதியின் உயிர் அந்தத் தானப் பத்திரத்தில் இருக்கிறது. பத்திரம் பதிவானதும் நிலம் பொதுச்சொத்தாகிவிடும். பத்து வருடம் கழித்து விலை ஏறிய பிறகு, “அது என் இடம்தானே” என்று புரமோட்டரோ அவர் பிள்ளைகளோ வந்து நின்றால் எடுத்துக் காட்ட ஒரு காகிதம் உண்டு. அரசே கை வைத்தாலும் கேட்க வழியிருக்கிறது. பெங்களூரில் பூங்காவுக்கென ஒதுக்கிய இடத்தைத் தனியார் மருத்துவமனைக்குக் கொடுத்தபோது, அக்கம்பக்கத்துக் குடியிருப்போர் வழக்காடி 1991-இல் உச்ச நீதிமன்றத்தில் அந்த ஒதுக்கீட்டைச் செல்லாமல் ஆக்கினார்கள். சென்னைப் புறநகரில் இன்று எஞ்சியிருக்கும் காலி மண்ணில் கணிசமானது இந்தப் பத்து சதவீதத்தால் தப்பியது. அதை மறந்துவிட்டு விதியைத் திட்டுவது நன்றிகெட்ட வேலை.

ஆனால் கணக்கைக் கொஞ்சம் போட்டுப் பார்க்க வேண்டும். பத்து ஏக்கர் லேஅவுட்டில் சாலைக்கு முப்பது சதவீதம் போனால், பூங்காவுக்கு ஏறத்தாழ பன்னிரண்டரை கிரவுண்டு வரும். மோசமில்லை, ஒரு பக்கம் மரம், ஒரு பக்கம் கிரிக்கெட் என்று தாராளமாகப் பிரிக்கலாம். அதே பத்து ஏக்கரை ஐந்து பேர் ஆளுக்கு இரண்டாக வாங்கிப் போட்டால்? இரண்டு ஏக்கர் என்பது 8,094 சதுர மீட்டர். ஐவரும் பணத்தைக் கட்டிவிட்டுப் போகலாம். அந்தத் தெருக்களுக்கு ஒரு பிடி மண் மிஞ்சாது. நம் புறநகர் பெரும்பாலும் வளர்ந்ததே இப்படித்தான். வயலும் தோப்பும் அண்ணன் தம்பிகளுக்குள் பாகம் பிரிந்து, துண்டு துண்டாகத்தான் விலைக்கு வந்தன.

இன்னொரு கோளாறும் உண்டு. விதி நிலத்தை அளக்கிறது, தலைகளை எண்ணுவதில்லை. பத்து ஏக்கரில் கிரவுண்டு மனைகளாகப் போட்டால் நூற்றுச் சொச்சம் வீடுகள். அங்கேயே அடுக்குமாடி எழுப்பினால் ஆயிரம் குடும்பங்கள்கூட வந்துவிடும். விட வேண்டிய இடமோ இரண்டுக்கும் ஏறக்குறைய ஒன்றுதான். அனுமதியே வாங்காத மனைப்பிரிவுகளின் கதை தனி. 2017-இல் வரன்முறைத் திட்டம் வந்து அவற்றை ஏற்றுக்கொண்டது. கட்டணம் கட்டி மனையை நேர்செய்யலாம், விற்றுத் தீர்ந்த பூங்காவை எந்தக் கட்டணம் திருப்பிக் கொண்டுவரும்?

எவ்வளவு இடம் என்பதைவிட எந்த இடம் என்பது எனக்குப் பெரிதாகப் படுகிறது. நட்டநடுவில், நாலு தெருவும் வந்து சேரும் இடத்தில் ஐந்து கிரவுண்டு இருந்தால், பால் வாங்கப் போகிறவர்கூட அதைக் கடந்துதான் போவார். நாலு பேர் கண் எப்போதும் அதன்மேல் இருக்கும். கால்வாய்க் கரையோர மூலையில் பன்னிரண்டு கிரவுண்டு இருந்தாலும், ஆறு மணிக்கு மேல் பெண்பிள்ளையை அனுப்ப யாருக்கும் மனம் வராது. சுற்றுச்சுவரும் காவலாளியும் உள்ள பெரிய குடியிருப்புகளில் இன்னொரு தந்திரம். ஓ.எஸ்.ஆர். நிலம் காகிதத்தில் ஊருக்குச் சொந்தம். போகிற வழி மட்டும் அவர்கள் கேட்டுக்குள்.

மந்தைவெளி என்ற பெயரை இன்று பேருந்து நிறுத்தமாக மட்டும் அறிந்திருக்கிறோம். மந்தை மேய்ந்த வெளி அது. மேய்க்கால் புறம்போக்கு, களத்துமேடு, குளத்தங்கரை என்று பழைய ஊர்களில் பொதுவெளிக்கு இடத்துக்கொரு பெயர், வேளைக்கொரு வேலை. காலையில் நெல் காயும், மாலையில் சடுகுடு, திருவிழாவில் கூத்து. (சாதி பார்த்து ஒதுக்கிய வெளிகளும் அவற்றில் இருந்தன, அதை மறைத்து ஏங்குவதற்கில்லை.) இப்போதைய பூங்காவுக்கு ஒரே வேலை: நடப்பது. எட்டு வடிவ நடைபாதை, பேவர் பிளாக், உடற்பயிற்சிக் கருவிகள், ‘பந்து விளையாடத் தடை’ பலகை. காலி மைதானமாகக் கிடந்தபோது பையன்களுடையதாக இருந்த இடம், பூங்கா ஆனதும் சர்க்கரை நோய்க்காரர்களுடையதாகிவிடுகிறது. நானும் அந்தக் கட்சிதான்; இருந்தாலும் சொல்லத்தான் வேண்டும்.

பேவர் பிளாக்கின்மேல் எனக்குத் தனிக் கோபம் உண்டு. எங்கள் புறநகரில் பல தெருக்கள் ஏரிப் பாசன வயல்களின்மேல் நிற்பவை. 2015 வெள்ளத்தில் இடுப்பளவு தண்ணீரில் நின்றுவிட்டு, தண்ணீர் இறங்க மிச்சமிருந்த மண்ணையும் கல்லால் மூடினோம். சென்னை மாநகராட்சி அண்மைக்காலமாகச் சில பூங்காக்களில் பள்ளம் எடுத்து மழைநீரைத் தேக்குகிறது. காலம் கடந்த, ஆனால் சரியான திருத்தம்.

எங்கள் தெருப் பூங்காவின் சாவி நலச்சங்கச் செயலாளரிடம் இருக்கிறது. காலை ஐந்தரைக்குத் திறப்பார், ஒன்பதுக்குப் பூட்டுவார். மறுபடி மாலை நாலரைக்கு. நடுப்பகலில் திறந்து வைத்தால் கண்டவர்களும் வந்து படுப்பார்கள் என்பது அவர் வாதம். அவரைத் திட்டவும் மனமில்லை. கோடையில் சொந்தக் காசில் லாரித் தண்ணீர் வாங்கி ஊற்றி ஐந்து வேப்பமரங்களைக் காப்பாற்றியவர் அவர்தான். மதியம் இரண்டு மணிக்கு மேல் அந்த மரங்களின் நிழல் கிழக்குச் சுவரைத் தாண்டித் தெருவில் விழுகிறது. உணவு டெலிவரி செய்யும் பையன்கள் அங்கேதான் வண்டியை நிறுத்தி, சீட்டில் சாய்ந்து கண்ணயர்கிறார்கள்.